கோட்டுவாயனை வளர்த்த கதை

எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு வீடியோ கேம் கடையை இழுத்து மூடினார்கள். அங்கிருந்த மெஷின்களில் நல்லதையெல்லாம் யார் யாரோ கொண்டுபோக, யாருக்கும் வேண்டாத ஒன்று மிஞ்சியது. அதை என் அண்ணன் சல்லிசாகப் பேசி வாங்கி, படகில் ஏற்றி மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் டிவியே அப்போதுதான் ஒன்றிரண்டு வீடுகளுக்கு வந்திருந்தது.

அண்ணனுக்கு பஜாரில் ஒரு கூல்பார் இருந்தது. சர்பத், சோடா, எலுமிச்சைத் தண்ணீர், கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய். சுற்றிலும் சுக்கும் மிளகும் அடைத்த கிடங்குகள். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து அந்தக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து, அந்த ஊரிலேயே செத்தும் போனார். நான் அங்கேயே பிறந்தவள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ப்ரீடிகிரி முடித்து, டைப்பிங் பாஸாகி, வேலையும் கிடைக்காமல் கல்யாணமும் கூடிவராமல் அண்ணனின் கடையில் உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்தாறு.

மெஷினில் காசு போட்டால் திரையில் ஒரு பெரிய கிணறு தெரியும். கிணற்றுக்குள் தட்டுத் தட்டாக நிலைகள். கட்டம் கட்டமாகச் செய்த ஒரு சின்ன உருவம், கையில் ஈட்டியோடு, இடுப்பில் உருண்டையாக எதையோ வைத்துக்கொண்டு நிற்கும். பாம்புகளையும் பறக்கும் தலைகளையும் குத்திக்கொண்டே அதைக் கீழே இறக்க வேண்டும். அடியில் ஒரு ராட்சசன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு நிலை முடிந்ததும் திரை கறுத்து, வரிவரியாக ஏதோ எழுத்து ஓடும். இங்கிலீஷ் இல்லை. சீனமா ஜப்பானா என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அந்த எழுத்தைக் கண்டுதான் மற்றவர்கள் அந்த மெஷினை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

கிடங்கில் மூட்டை தூக்கும் ஒரு சேட்டன்தான் முதலில் கேட்டார். முதல் நிலையைத் தாண்டிவிட்டு, கறுத்த திரையைப் பார்த்தபடி, "புள்ளே, நீ படிச்சவளல்லே? இதுல எந்தா எழுதியிருக்கு?" என்றார்.

எனக்கு அன்றைக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. திரையைப் பார்த்து, வாசிப்பதுபோல, "‘எங்க ஊர் நல்ல தண்ணியையெல்லாம் குடிச்சவன் இந்தக் கிணத்துக்கு அடியில இருக்கான். நான் குடத்தோட இறங்கறேன். நிறைக்காம ஏற மாட்டேன்’னு எழுதியிருக்கு சேட்டா" என்றேன்.

"அப்போ இது பெண்ணா?"

"பின்னே? இடுப்புல குடம் தெரியலையா?"

அதுவரை எல்லோரும் அதை ஒரு ராஜகுமாரன் என்றும் இடுப்பில் இருப்பது கேடயம் என்றும் நினைத்திருந்தார்கள். கடைக்கு எதிரே ஒரு தெருக்குழாய். அதில் எப்போது தண்ணீர் வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் நின்ற பெண்களின் காதில் நான் சொன்னது விழுந்தது. ஒருத்தி வந்து எட்டிப்பார்த்தாள். அடுத்த நாள் நாலைந்து பேர் வந்தார்கள். பெண்கள் வந்து நின்றிராத எங்கள் கூல்பாரில், மாலையானால் பெண்கள் குடத்தைத் தரையில் வைத்து அதன் மேல் கையூன்றி நின்று திரையைப் பார்த்தார்கள். கிடங்கு ஆட்கள் காசு போட்டு ஆடினார்கள். திரை கறுக்கும்போதெல்லாம் நான் வாசித்தேன்.

வாசித்தேன் என்றா சொன்னேன். கட்டினேன். பாம்பு ஏன் பாம்பானது, பறக்கும் தலைகள் யாருடைய தலைகள், மூன்றாவது நிலையில் சுவரோடு ஒட்டி நிற்கும் கிழவி உதவுகிறாளா ஏமாற்றுகிறாளா, எல்லாவற்றையும் வீட்டில் பாத்திரம் கழுவும்போது யோசித்து வைத்துக்கொண்டு மறுநாள் போனேன். குடத்துப்பெண் என்று அவளுக்கு ஊரே பேர் வைத்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றைக் கேட்க ஜனங்கள் காத்து நின்றது அப்போதுதான்.

அந்தக் கூட்டத்தில் பாலே முதலாளியும் இருந்தார். பள்ளுருத்திக்காரர். கோயில் திருவிழாக்களில் ஆடும் பாலே ட்ரூப் ஒன்று அவருக்குச் சொந்தம். பாலே என்றால் ஆட்டமும் பாட்டும் வசனமுமாக, மேடையில் மலை பிளந்து சாமி வருவதுவரை எல்லாத் தந்திரமும் காட்டுகிற புராண நாடகம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நல்ல தொந்தி. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். ஏதாவது முக்கியமாகப் பேசுவதற்கு முன் பெரிதாகக் கொட்டாவி விட்டு, வாய்க்கு நேரே விரலைச் சொடுக்குவார். எங்கள் கடையின் ஓர ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க என் கதையைக் கேட்டார்.

ஒரு நாள் கொட்டாவி விட்டு, விரலைச் சொடுக்கி, "மோளே, இதை எனக்கு எழுதித் தா. வர்ற சீசனுக்கு இதாக்கும் நம்ம பாலே. நோட்டீஸ்ல உன் பேரு பெரிசா வரும்" என்றார்.

எழுதினேன். நான் நினைப்பது தமிழில், எழுத வருவது மலையாளத்தில். அந்த மலையாளத்தில் என்னால் முடிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் போட்டு, ஒவ்வொரு நிலையையும் ஒரு காட்சியாக எழுதிக்கொடுத்தேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நோட்டீஸ் வந்தபோது அதில் மூலக்கதை என்று போட்டு என் அண்ணனின் பேர் இருந்தது. நாடக ஆக்கமும் இயக்கமும் முதலாளியின் பேரில். நான் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏட்டி, நோட்டீஸ்ல பொம்பளப்புள்ள பேரு வந்தா நல்லாவா இருக்கு?" என்றான் அவன். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் விசாரிக்க வந்தா, பாலே ட்ரூப்காரியான்னு கேப்பான். முதலாளிச் சேட்டன்தான் சொன்னாரு, எம்பேரைப் போட்டுக்கிடலாம்னு. உம்பேரு வேற எம்பேரு வேறயா?"

"ஒண்ணுதான்னா எம்பேரைப் போட்டிருக்கலாமே அண்ணே."

அவன் சர்பத் கலக்கப் போய்விட்டான்.

முதல் ஆட்டம் பள்ளுருத்தியில் ஒரு மைதானத்தில் நடந்தது. நானும் அம்மாவும் மணலில் பாய் விரித்து முன்னாலேயே உட்கார்ந்தோம். பேர் போனாலும் கதையாவது இருக்குமே என்று என் மனதை நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன். திரை ஏறியது. கிணறு அற்புதமாக இருந்தது. துணியில் வரைந்து, உள்ளே பச்சை விளக்குப் போட்டு, நிஜமாகவே ஆழம் தெரிந்தது. அந்தக் கிணற்றிலிருந்து கத்தியோடு ஒரு ராஜகுமாரன் ஏறி வந்தான். முதலாளிதான். கன்னத்தில் ரோஸ் பவுடர், ஒட்டு மீசை, தொந்திக்கு மேல் ஜரிகைக் கச்சை. ராட்சசன் திருடியது தண்ணீரை இல்லையாம், ராஜகுமாரனின் கிரீடத்தையாம். குடத்துப்பெண் எங்கே என்று பார்த்தேன். இருந்தாள். கிணற்றங்கரையில் குடத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, "வருவாரோ, வர மாட்டாரோ" என்ற அர்த்தத்தில் இரண்டு பாட்டுக்கு அழுதாள். அந்த வேஷம் கட்டியவள் முதலாளியின் மகள்.

ஆட்டம் முடிந்ததும் அம்மா பிடித்து இழுத்ததைக் கேட்காமல் மேடைக்குப் பின்னால் போனேன். முதலாளி ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் குழந்தைபோல நகைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் எழுதினதில்லையே சேட்டா" என்றேன். "அவளைக் கொன்னுட்டீங்களே."

"கொல்லலையே. அழ வச்சேன். ஜனம் அழுகையைத்தான் பார்க்கும்."

"கதை என்னோடது."

அவர் என்னைப் பார்த்தார். வாயை அகலத் திறந்து, உள்நாக்குத் தெரியக் கொட்டாவி விட்டார். விரலைச் சொடுக்கினார். "உன்னோடதா? மிஷினில் வந்த கதையல்லே மோளே? மிஷினுக்கு ஆரு எழுதிக் கொடுத்தா? நீயா? ஆருக்கும் சொந்தமில்லாத சாதனம் அது. வேணும்னு உள்ளவன் எடுப்பான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி நடந்தேன். பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுரு" என்றாள். நான் விடவில்லை. இன்றைக்கும் அந்தக் கொட்டாவியை நினைத்தால் என் கை தானாக இறுகும்.

முதல் அடியை அண்ணனுக்குக் கொடுத்தேன். மறுநாள் கடையில் வழக்கம்போல உட்கார்ந்தேன். திரை கறுத்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. நோட்டீஸ்ல பாத்தீங்கல்லா? கதை எழுதினது எங்க அண்ணன்தான். அவர்ட்டக் கேளுங்க."

மூட்டை தூக்கும் சேட்டன் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் கையில் பாட்டிலோடு திரையைப் பார்த்தான்.

"இனி ஒரு பாம்பு வரும்" என்றான்.

"பாம்பு எதுக்கு வருது?"

"எதுக்கு வருதா? பாம்புன்னா வரும்லா சேட்டா."

பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கிடங்கு ஆட்களும் குறைந்தார்கள். கதை இல்லாத அந்த மெஷின் வெறும் கட்டங்கள்தான். அண்ணன் முதலில் முறைத்தான். பிறகு கெஞ்சினான். அம்மாவை விட்டுப் பேசச் சொன்னான். நான் நாள் முழுக்க அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், கேட்டதற்குச் சர்பத் எடுத்துக் கொடுத்தேன், கதையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷின் மேல் தூசி படிந்து, கடைசியில் அது பழைய சாமான்காரனின் வண்டியில் ஏறியபோது அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அண்ணன் வெறும் முட்டாள். முதலாளி அப்படியில்லை. அவருக்கு வேறு மாதிரி வேண்டியிருந்தது.

யாருக்கும் சொந்தமில்லை, வேண்டுமென்பவன் எடுப்பான் என்று அவர்தானே சொன்னார். நான் படகேறி எர்ணாகுளம் போனேன். பிராட்வேக்குப் பின்னால் ஒரு மாடியில் குழந்தைகள் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆபீஸ் இருந்தது. அந்தப் பத்திரிகை மலையாளம் வாசிக்கிற எல்லா வீட்டுக்கும் போகும். ஆசிரியர் மெலிந்த மனிதர். நான் கதையைச் சொல்லச் சொல்ல மேஜை மேலிருந்த சாயாவை ஆறவிட்டுவிட்டுக் கேட்டார்.

"வீடியோ கேம் கதையா? இப்போ பிள்ளைகளுக்கு அதுதானே பைத்தியம். படக்கதையாப் போடலாம்" என்றார். "உங்க கண்டிஷன் ஏதாவது உண்டா?"

"என் பேரு முழுசா வரணும். பின்னே, ராட்சசன் எப்படி இருக்கணும்னு படம் வரையறவர்ட்ட நான்தான் சொல்லுவேன்."

படம் வரைபவர் கும்பளங்கிக்காரர். தினமும் பள்ளுருத்தி வழியாக பஸ்ஸில் வருகிறவர். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். தொந்தி. அதன் மேல் ஜரிகைக் கச்சை. கழுத்தில் மடித்து வைத்த கைக்குட்டை. பொய் சொல்வதற்கு முன் கொட்டாவி விட்டு விரலைச் சொடுக்குவான். அவன் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பதெல்லாம், கிணறும் குளமும் ஊரும், அந்த வாய்க்குள் போய்விடும். பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. பாதியில் அவர் நிறுத்தினார்.

"இந்த ஆளை நான் எங்கேயோ கண்டிருக்கேனே" என்றார்.

"கண்டிருப்பீங்க."

அவர் சிரிக்காமல், காலரின் பக்கத்தில் கைக்குட்டையின் மடிப்பை இன்னும் கொஞ்சம் கவனமாகத் தீட்டினார். அவருக்கும் முதலாளியிடம் ஏதோ பழைய கணக்கு இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

மலையாளத்தில் கொட்டாவிக்குக் கோட்டுவாய் என்று பேர். ராட்சசனுக்குக் கோட்டுவாயன் என்று வைத்தேன்.

கேரளத்தில் ஒருவனுக்கு இரட்டைப்பேர் விழுந்தால் அதோடு சரி. அவன் கல்யாணப் பத்திரிகையில் என்ன அச்சடித்தாலும், செத்த பிறகு சுவரில் என்ன ஒட்டினாலும், ஊர் அந்தப் பேரைத்தான் சொல்லும். அந்தப் பேர் பள்ளுருத்தியில் எப்படி இறங்கியது, யார் முதலில் பத்திரிகைப் படத்தையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயாக்கடையில் அவர் வாயைத் திறக்கும்போதே பக்கத்தில் இருப்பவன் தன் கிளாஸைக் கையால் மூடிக்கொள்கிறானாம், உள்ளே போய்விடும் என்று. கேள்விப்பட்டபோது நான் வீட்டுப் பின்புறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த சீசன் தொடங்கியது. கும்பளங்கியில் முதலாளியின் பாலே என்று தெரிந்ததும் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். மைதானம் நிறையக் கூட்டம். முன்வரிசை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திரை ஏறியது. கிணற்றிலிருந்து ராஜகுமாரன் ஏறி வந்து, கத்தியைத் தூக்கி, முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தான்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை, "ஹா...ஆ...ஆ" என்று கொட்டாவி விட்டது. பக்கத்துப் பிள்ளை விட்டது. பிறகு அந்த வரிசை. பிறகு மைதானம். ஆயிரம் பேர் சேர்ந்து வாய்விட்டுக் கொட்டாவி விட்டு, விரல் சொடுக்குவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தென்னந்தோப்பில் பெருங்காற்று நுழைந்து, பின்னாலேயே மழை விழுந்தது மாதிரி இருந்தது. கொட்டாவி ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம். மேடை ஓரத்தில் ஹார்மோனியம் வாசித்தவர் அடக்கிப் பார்த்து முடியாமல் வாயைத் திறந்தார். மிருதங்கக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். முதலாளி கத்தியைத் தூக்கியபடியே நின்றார். அவருக்கும் வந்தது. தாடையை இறுக்கிப் பார்த்தார். ஒட்டு மீசை நடுங்கியது. கடைசியில் மேடை நடுவில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், அவரே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "கோட்டுவாயா!" என்று மைதானம் கூவியது. திரை இறங்கியது.

நான் கடலை வாங்கித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். அவ்வளவு சுகமான நடையை நான் அதற்கு முன் நடந்ததில்லை.

அந்த சீசன் முழுக்க, பத்திரிகை போன இடமெல்லாம் அவருக்கு அதுவே நடந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் பேசிவைத்த ஆட்டங்களை வேறு ட்ரூப்புக்குக் கொடுத்தார்கள். ஒரு மதியம் அவர் எங்கள் கூல்பாருக்கு வந்தார். கழுத்தில் கைக்குட்டை இல்லை. ஓர ஸ்டூலில் உட்காரவும் இல்லை. அண்ணன் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே நழுவினான்.

"மோளே, அந்தப் பேரை மாத்து" என்றார்.

"எந்தப் பேரு?"

"நீ அறியும்."

"அது மிஷினில் வந்த பேராக்கும் சேட்டா. ஆருக்கும் சொந்தமில்லை."

அவருடைய வாய் ஓரம் இழுத்தது. வந்த கொட்டாவியை என் முன்னால் மென்று விழுங்கினார். "சரி. பேரு கிடக்கட்டும். அவனைக் கொன்னுடு. கதையில் அவன் செத்தா பிள்ளைகள் மறந்துடும். ஒரு வாரத்தில் முடிச்சுடலாமே. கொன்னு தந்தா மதி, அது போதும்."

"யோசிக்கறேன்" என்றேன்.

யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பத்திரிகையில் கதை முடிகிற இடத்துக்கு அப்போது வந்திருந்தது. அந்த வாரம் குடத்துப்பெண் ஈட்டியை ஓங்குவதாக இருந்தது. நான் எர்ணாகுளம் போய் அந்தப் பக்கத்தை மாற்றினேன். ஈட்டி கல்லில் பட்டு முறிந்தது. கோட்டுவாயன் தப்பி அடுத்த கிணற்றுக்குப் போனான். ஆசிரியர், "இன்னும் எத்தனை கிணறு இருக்கு?" என்று கேட்டார். "ஊர்ல எத்தனை இருக்கோ அத்தனை" என்றேன்.

அப்படித்தான் அந்தக் கதை வளர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நாடகத்துக்குக் கேட்டார்கள். சும்மா கொடுத்தேன், கோட்டுவாயனுக்குக் கைக்குட்டை கட்டாயம் என்ற ஒரே நிபந்தனையோடு. ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்து ஒலிக்கதையாகப் போடலாமா என்றார். கொட்டாவி சத்தத்துக்குச் சரியான குரல் கிடைக்கும்வரை ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துக் கொட்டாவி விடச் சொன்னேன். தீப்பெட்டி அளவுப் படங்களாக அச்சடித்து மிட்டாயோடு விற்றார்கள். என்னைப் பார்ப்பவர்கள், இவ்வளவு கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். கற்பனை எல்லாம் கொஞ்சம்தான். ஒவ்வொரு வாரமும் அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டும், முதலாளி தெருவில் இறங்கும்போது ஊர் மறந்திருக்கக் கூடாது. அந்த ஒரு வெறி என்னை எழுத உட்கார வைத்தது. பத்திரிகையிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். பேர் ஒவ்வொரு வாரமும் முழுதாக வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை; எனக்கும் அந்தக் கவலை போயிருந்தது.

மழை விட்டிருந்த ஒரு நாள் ஆபீஸ் படியில் முதலாளியின் மகள் நின்றிருந்தாள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். அப்பாவை மன்னிக்கச் சொல்லி அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அச்சன் இப்போ வீட்டை விட்டு இறங்கறதில்லை, சேச்சி" என்றாள்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ட்ரூப் சும்மா கிடக்கு. ஆளுங்க இருக்காங்க, கிணறு இருக்கு, விளக்கு இருக்கு." நிமிர்ந்து சொன்னாள்: "எனக்குக் குடத்துப்பெண் ஆடணும். அழறவ இல்லை. நீங்க எழுதினவ."

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் தலை குனிந்தவள். அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பது உண்மை. அவருடைய மகளே, அவருடைய மேடையில், அவர் எடுத்தெறிந்த பெண்ணாக நிற்பாள் என்பது அதைவிடப் பிடித்திருந்தது என்பதும் உண்மை. நோட்டீஸில் கதை என்று என் பேர் மேலே வர வேண்டும் என்றேன். சரி என்றாள். முதலில் எழுதியதையே எடுத்து, இன்னும் கூர்மையாக்கிக் கொடுத்தேன்.

அடுத்த சீசனில் பள்ளுருத்தியில், அதே மைதானத்தில் முதல் ஆட்டம். அம்மாவும் வந்திருந்தாள். குடத்துப்பெண் கிணற்றுக்குள் இறங்கினாள். அவளுக்கு இவ்வளவு ஆடத் தெரியும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி அவள் குடத்தைத் தூக்கி நிறுத்தியபோது, முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. கிணற்றின் அடியிலிருந்து கோட்டுவாயன் எழுந்தான்.

அது முதலாளி.

தொந்தியை மறைக்கவில்லை, இன்னும் பெரிதாகக் கட்டியிருந்தார். கழுத்தில் மேஜைவிரிப்பு அளவுக்கு ஒரு கைக்குட்டை. மேடையின் முன்னுக்கு வந்து, கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்து, வாயைத் திறந்தார். அப்படி ஒரு கொட்டாவியை நான் எழுதியிருக்கவில்லை. மெதுவாகத் தொடங்கி, உடம்பு முழுக்க ஓடி, கிணற்றுத் துணியே அந்தப் பக்கம் சாய்வதுபோல இருந்தது. கடைசியில் விரலை ஒரு சொடுக்கு. மைதானம் வெடித்தது. பிள்ளைகள் எழுந்து நின்று அவரோடு சேர்ந்து கொட்டாவி விட்டார்கள். "கோட்டுவாயா! கோட்டுவாயா!" அது கேலி இல்லை, கொண்டாட்டம். அவர் கண்கள் பளபளத்தன. வேஷம் கட்டிய காலத்திலெல்லாம் அவருக்கு அப்படியொரு கைத்தட்டல் கிடைத்திருக்காது.

பக்கத்தில் அம்மாகூடச் சிரித்துச் சிரித்துக் கொட்டாவி விட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்டனை என்று நான் வைத்த பேரை அவர் எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவையும் அவர் என்னிடமிருந்து எடுத்தார், இந்தத் தடவை என் கண் முன்னாலேயே. திருச்சூர்வரை பாலேக்குக் கூப்பிட்டார்கள். நோட்டீஸில் அவருடைய சொந்தப் பேரே போய்விட்டது. கோட்டுவாயன் என்று கொட்டை எழுத்தில், பக்கத்தில் வாய் திறந்த முகம். என் பேர் அதற்கு மேலே சின்னதாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் கும்பளங்கிக்காரரிடம் ஒரு பக்கம் கேட்டேன். "முழுப் பக்கம் வேணும். இந்த வாரம் கோட்டுவாயன் சாகறான்."

"இப்போவா?" என்றார் அவர். "இப்போதானே அவன் உச்சத்தில் நிக்கறான்."

"இப்போதான்."

ஆசிரியர் வேண்டாம் என்றார். விற்பனை விழும் என்றார். நான் எழுதிவிட்டேன். சண்டை இல்லை, ஈட்டி இல்லை. அவன் கொட்டாவிக்கு வாயைத் திறக்கிறான். குடத்துப்பெண் குடத்தைச் சாய்க்கிறாள். அவன் குடித்த ஊர்களின் தண்ணீரெல்லாம் அவன் தொண்டை வழியே திரும்பி வருகிறது. கடைசிப் படத்தில் தரையில் நனைந்த கைக்குட்டை மட்டும்.

பத்திரிகை கடைக்கு வந்த மறுநாள், முதலாளியின் மகள் ஆபீஸுக்கு வந்தாள். அழுதிருந்தாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

"அச்சன் சுவரோரம் திரும்பிப் படுத்துட்டார், சேச்சி. நேத்துலருந்து ஒண்ணும் தின்னலை. நம்ம பாலே பின்னேயும் நடக்கும், அதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ‘கொன்னுட்டா, அவ கொன்னுட்டா’ன்னே இருக்கார். ஒரு வரி சேத்து எழுத முடியாதா? அவன் தப்பிச்சான்னு?"

"முடியாது."

அவள் எதிரில் உட்கார்ந்து, நான் மனம் மாறுவேன் என்பதுபோல என்னையே பார்த்தாள். மத்தியானமாகியிருந்தது. நான் எழுந்து அவளையும் கூட்டிக்கொண்டு பிராட்வேயில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பொரோட்டாவும் கறியும் சொன்னேன். அவள் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்தாள். எனக்கு அன்றைக்கு நல்ல பசி. என்னுடையதைத் தின்று முடித்து, அவளுடையதையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.